தலைக்கு ஒரு பாட்டில்

தலைக்கு ஒன்றுதான் கொடுப்பார்களாம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் மகன் நெல்லையப்பன் வரிசையில் தனக்கு முன்னால் நிற்கிற மௌலியிடம் சொன்னது, என் காதை மூடிக் கட்டியிருக்கும் கம்பளித் துணியையும் தாண்டி உள்ளே விழுந்துவிட்டது. "தலைக்கு ஒண்ணுதான் குடுக்கான். அதான் அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டேன்." மௌலி ஈரோட்டுப் பக்கத்துக்காரன், என் மகனோடு ஒரே அலுவலகத்தில் வேலை, சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். "அட, எங்கம்மா போன மாசம்தானுங்கண்ணா ஊருக்குப் போனாங்க. தெரிஞ்சிருந்தா டிக்கெட்டத் தள்ளிப் போட்டிருப்பனே." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் தானும் சிரிக்க இந்த முகம் எழுபத்தாறு வருடமாகப் பழகியிருக்கிறது, உள்ளே சிரிப்பு வரவில்லை என்பது எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. ஏரி பார்க்கலாம் என்றுதானே காலையில் கூப்பிட்டான். "எம்மா, கெளம்பு, ஏரியப் பாத்துட்டு வருவோம்." இந்த மில்வாக்கிக்கு வந்து நாலு மாதமாகிறது, ஏரியைக் காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், கண்ணாடி இல்லாமல் பார்க்கப் போகிறேன் என்று மயில்கழுத்துச் சேலையை எடுத்து உடுத்தினேன். "ஏரிக்குப் பட்டா அத்தே?" என்று மருமகள் பவித்ரா கேட்டாள். சேலைக்கு மேல் மகனுடைய பழைய குளிர்கோட்டு, கோட்டுக்கு மேல் இந்தக் காதுத் துணி, சேலை கோட்டுக்குக் கீழே ஒரு சாண் தெரிகிறது, அந்த ஒரு சாண்தான் இப்போது நான். ஏரி இங்கேதான் இருக்கிறது. இந்தச் செங்கல் கட்டடத்துக்குப் பின்னால். பார்க்க முடியாது, குளிரை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆக, நான் ஏரி பார்க்க வரவில்லை. ஒரு தலையாக வந்திருக்கிறேன். கல்யாண வீட்டில்கூட இலைக் கணக்குத்தான் பார்ப்பார்கள், இலை போட்டால் சோறு வைத்தாக வேண்டும். ஆட்டுக்குத்தான் தலைக்கணக்கு, அது சோறு வைப்பதற்கில்லை, ஓட்டிப்போவதற்கு.

பீர் காய்ச்சுகிற இடம் இது. வருடத்தில் ஒரே ஒரு நாள், மரமெல்லாம் மொட்டையாகி நிற்கிற இந்த மாதத்தில், ஒரு கறுப்பு பீரை வெளியே விடுகிறார்கள், அதற்குத்தான் இவ்வளவு கூட்டம், மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கும் போர்வையுமாக. நெல்லையப்பன் செல்போனில் அதன் பெருமைகளை வாசிக்கிறான். விஸ்கி இருந்த மரப்பீப்பாயில் பதினெட்டு மாதம் ஊறியதாம். பீப்பாய். என்ன அழகான சொல், சொல்லிப் பார்த்தால் உதடு இரண்டு தடவை மூடித் திறந்து கடைசியில் அகன்றுவிடுகிறது, சொல்லே உருண்டு போகிறது. விஸ்கி குடியிருந்து காலிபண்ணிப் போன வீட்டில் பீர் வாடகைக்கு வந்திருக்கிறது, சுவரில் பழைய குடித்தனக்காரன் விட்டுப்போன வாசனையெல்லாம் இதன் மேல் ஏறிவிட்டது, அந்த வாசனைக்குத்தான் விலை. ஒரு பாட்டில் நாற்பது டாலர். மனம் உடனே ரூபாய்க்குப் பெருக்கிவிட்டது. "எல்லாத்தையும் எம்பத்தஞ்சால பெருக்கிப் பாக்காதம்மா, பைத்தியம் பிடிச்சிரும்" என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டான். பெருக்காமல் எப்படி இருப்பது, பெருக்கினால்தானே அது எனக்குத் தெரிந்த பொருளாகிறது. இந்தப் பாட்டில் இருக்கிற விலைக்குத் தென்காசியில் என் மாதக் காய்கறி வந்துவிடும், மீதிக்குப் பூவும் வாங்கலாம். "வெனிலா, கரிஞ்ச ஓக் மரம், காஞ்ச அத்திப்பழம், பொகையிலை, தோல்" என்று அவன் வாசித்துக்கொண்டே போகிறான். "தோலுங்களா?" என்றான் மௌலி. "லெதர்டா. ஒரு மாதிரி லெதர் வாசம் வரும்." "எங்கூர்ல செருப்பு வாசத்துக்கு யாருங்கண்ணா காசு குடுப்பாங்க?" "நீ குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்." "சரிங்க, நீங்க எட்டு வருசமா வாங்கறீங்களே, ஒண்ணாவது குடிச்சுப் பாத்தீங்களா?" என் மகன் செல்போனை இன்னும் கிட்டத்தில் வைத்து வாசித்தான், சின்ன வயதில் கணக்கு தப்பாக வந்தால் நோட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவான், அதே முகம். எனக்கு அந்தப் பதில் தெரியும். ஒன்றும் குடிக்கவில்லை.

வீட்டுக்குக் கீழே நிலவறை மாதிரி ஓர் அறை இருக்கிறது. வீட்டைச் சூடாக்குகிற எந்திரம் அங்கே ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும், இன்னொரு மூலையில் தடுப்புப் போட்டு, விளக்கில்லாமல், அவனுடைய அலமாரி. கழுத்துவரை கறுப்பு மெழுகில் முக்கி எடுத்த பாட்டில்கள், வருடத்துக்கு ஒன்று. வந்த புதிதில் இங்கே இட்லி மாவு பொங்கவில்லையே என்று எந்திரத்துக்குப் பக்கத்தில் மாவுப் பானையைக் கொண்டுபோய் வைத்தேன், அன்றைக்குத்தான் அவன் என்னிடம் முகத்தைச் சுளித்துப் பேசினான். "எம்மா, இங்கன எதையும் வைக்காத. பொங்கி வழிஞ்சு அது மேல பட்டுதுன்னா?" வழியத்தான் செய்யும், அதுதான் மாவு. ராத்திரி பொங்கினால் காலையில் ஊற்றியாக வேண்டும், அடுத்த வருடம் ஊற்றலாம் என்று அடுக்கி வைக்க முடியாது. இந்தப் பாட்டில்களை எப்போதுதான் திறப்பாய் என்று கேட்டேன். நல்ல நாளில் என்றான். அவனுக்கு வேலை உயர்ந்தது, இந்த வீடு வாங்கினான், பேத்தி பள்ளிக்கூடம் முடித்தாள், எல்லாம் நல்ல நாள்தான், எதுவும் போதுமான நல்ல நாளாக இல்லை. பிறகு இரண்டாவது தட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினான், குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் கை கொடுத்து. "இது அப்பாவுக்கு வாங்கினது. அப்பா வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து குடிக்கலாம்னு." அவர் வரவில்லை. விசா வந்தது, டிக்கெட் வந்தது, அவர் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இவன் வந்து சேரும்வரை கூடத்தில் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம், கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு குழல்விளக்கு, பெட்டிக்கு அடியில் நீர் சொட்டிச் சொட்டித் தரையெல்லாம் ஈரம், நான் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அழுததைவிடத் துடைத்ததுதான் நினைவிருக்கிறது. அப்பா மகனுக்காகக் குளிரில் காத்திருந்தார், மகனுடைய பாட்டில் அப்பாவுக்காக இருட்டில் காத்திருக்கிறது, இரண்டு பக்கமும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதை நினைக்கக் கூடாது. கால் விரல் மரத்துப்போகிறது. வலது காலில் சுண்டுவிரலும் அடுத்ததும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. விழுந்துவிடுவேனோ. விழுந்தால் இந்தச் சிமிண்டில் இடுப்பெலும்பு நொறுங்கும், பிறகு அந்த மருத்துவமனை, அந்த வெளிச்சம், பிறகு ஒரு பெட்டி. இல்லை. விழ மாட்டேன். விழுந்தால் வரிசையிலிருந்து ஒரு தலை குறையும், நெல்லையப்பனுக்கு நஷ்டம். சிரிப்பு வருகிறது, இந்தத் தடவை உள்ளிருந்து.

"எம்மா, கால் வலிக்கா?" "இல்லலே." "குளுருதா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல." நல்ல பிள்ளைதான். அதைச் சொல்லிவிட வேண்டும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்திருக்கிறான், கைக்குள் வைத்துக்கொள்ளச் சூடு பொட்டலம் வாங்கித் தந்திருக்கிறான், மாத்திரையை டப்பாவில் நாள்வாரியாகப் போட்டு வைப்பான். எதையும் மறப்பதில்லை, என்னைக் கேட்பதை மட்டும் மறந்துவிடுகிறான், மறதி என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் அப்பாவும் அப்படித்தான். விருந்துக்குப் போனால் இலைக்குப் பக்கத்தில் பரிமாற வந்து நிற்கிறவரிடம் "அவளுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பார், நான் இன்னும் முதல் கை சோற்றிலேயே இருப்பேன். இங்கே இவன் ஐஸ்கிரீம் கடையில் சொல்கிறான், காபிக் கடையில் சொல்கிறான், விமானத்திலும் சொன்னான், அம்மாவுக்கு ஒண்ணும் வேண்டாம். கேட்டுக் கேட்டு எனக்கே நிச்சயமாகிவிட்டது. போன வாரம் கடைக்குப் போயிருந்தோம், தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு, நான் முன்னால் போய் நின்றேன், திறக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் இவன் வந்ததும் திறந்தது. குட்டையாக இருக்கிறேன், கதவுக்குக் கண் வைத்திருக்கிற உயரத்துக்கு எட்டவில்லை, அவ்வளவுதான், அவனும் அதைத்தான் சொன்னான். ஆனால் அன்றைக்குப் படுத்தபிறகு, நான் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது, கதவுக்குத் தெரிந்திருக்கிறது, மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. எழுந்து உட்கார்ந்து பெயரைச் சொல்லிப் பார்த்தேன். குழல்வாய்மொழி. மெதுவாகத்தான் சொன்னேன், இருட்டு கேட்டுக்கொண்டது.

முன்னால் நிற்கிற சிவப்புத் தாடிக்காரர் தன் பையைத் திறக்கிறார். போன வருடத்துப் பாட்டில் ஒன்று. வரிசையில் இதுவும் ஒரு வழக்கமாம், காத்திருக்கிறவர்களில் ஒருவர் பழையதைத் திறந்து எல்லோருக்கும் ஒரு வாய் கொடுப்பது, மௌலி எனக்கு விளக்குகிறான், "பிரசாதமாட்டங்க அம்மா." மெழுகைக் கத்தியால் கீறி, மூடியை நெம்பி, மருந்து குடிக்கிற அளவு காகிதக் குவளைகளில் ஊற்றுகிறார். எண்ணெய் மாதிரிக் கறுப்பு. குவளைகள் கைக்குக் கை வருகின்றன. நெல்லையப்பன் வேண்டாம் என்று தலையாட்டுகிறான், அதே வருடத்துப் பாட்டில் அவனிடம் இருக்கிறதாம், அதைத் திறக்கும்போதுதான் முதல் வாய் குடிப்பானாம், பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சாப்பிடாத மாப்பிள்ளை மாதிரி. அடுத்து என் முன்னால் ஒரு குவளை வந்து நிற்கிறது. தாடிக்காரர் குனிந்து என் கண்ணைப் பார்த்து "மேம்?" என்கிறார். "நோ நோ, ஷி டஸின்ட் டிரிங்க்" என்றான் என் மகன். மரியாதையாகத்தான், சிரித்துக்கொண்டுதான். குவளை என் முகத்துக்கு முன்னாலிருந்து விலகி மௌலியிடம் போய்விட்டது. வாசனை மட்டும் ஒரு கணம் நின்றது, கருகியதும் இனித்ததுமாக ஏதோ, பெயர் சொல்வதற்குள் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. கீழே பார்த்தேன். என் வலது கை கோட்டுப் பையிலிருந்து மணிக்கட்டுவரை வெளியே வந்திருந்தது. நான் சொல்லாமல் வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. மெல்ல உள்ளே போட்டுக்கொண்டேன். கிழவியாகிவிட்ட கை, நரம்பு புடைத்து, வளையல் ஒன்று மட்டும் தொங்குகிற கை, யாரிடமும் அனுமதி கேட்காமல் எனக்காக எழுந்து வந்தது அது ஒன்றுதான். அதை நான் பைக்குள் திணித்தேன். ஷி டஸின்ட். உனக்கு யார் சொன்னது?

தென்காசியில் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் மூன்று பேர் கூடுவார்கள். இவன் அப்பாவும் அவரோடு மின்வாரியத்தில் வேலை பார்த்த இரண்டு பேரும். செய்தித்தாளில் சுற்றிய பாட்டில்கள் பின்வாசல் வழியாக மேலே போகும். நான் வெங்காய பஜ்ஜி போட்டுக் கொண்டுபோவேன், கடைசிப் படிவரைக்கும்தான், கதவு ஒரு சாண் திறக்கும், தட்டு உள்ளே போகும், சிரிப்பு ஒரு சாண் வெளியே வரும், கதவு மூடும். உள்ளே என்ன அப்படிச் சிரிக்கிறார்கள். கல்லூரி விடுதியில் நாங்களும் அப்படிச் சிரித்திருக்கிறோம், பாளையங்கோட்டையில், விளக்கணைத்தபிறகு நான் கவிதை சொல்ல ஏழு பெண்கள் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு, அது வேறு குடி. ஞாயிறு காலை மாடிக்குப் போய்த் தம்ளர்களை எடுத்துவருவேன், அடியில் ஒரு விரல் அளவு மிச்சம் இருக்கும், சூடாகி, நுரை செத்து, ஓர் எறும்பு மிதக்கும். ஒரு நாள் எறும்பை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். பயந்ததெல்லாம் குடித்த பிறகுதான். கசந்தது. கசப்புக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது, அங்கே போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. ஆகவே டஸின்ட் இல்லை, மகனே. அடுத்தவர் தம்ளரின் அடியில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். மேலே இருப்பதுதான் தெரியாது. குழம்பானாலும் தோசையானாலும் கடைசியில் இருப்பதுதான் என்னுடையது, யாரும் கொடுமைப்படுத்தி அப்படி வைக்கவில்லை, வழக்கம், அவ்வளவுதான், வழக்கத்தை எதிர்த்து யாரிடம் போய்ச் சண்டை போடுவது, அதற்கு முகமே கிடையாதே. ஆனால் இன்றைக்கு முகம் இருக்கிறது. சட்டம் போட்டிருக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள், எழுதி ஒட்டியிருக்கிறார்கள், தலைக்கு ஒன்று. அப்படியானால் என் தலைக்கு ஒன்று. அது யாருடையது? திரும்பத் திரும்ப இங்கேயே வந்து நிற்கிறேன், கல்லில் சேலை மாட்டிக்கொண்டதுபோல. என் தலைக்குக் கொடுப்பது யாருடையது? அவனுடைய அலமாரியில் போய் நின்றால் அது யாருக்காகக் காத்திருக்கும்? பதினெட்டு மாதம் மரத்துக்குள் கிடந்ததற்கு இவ்வளவு விலை, வீட்டுக்குள் கிடந்தவளைத் தலைக்கணக்கில் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். இருக்கட்டும். கணக்கில் சேர்த்துவிட்டாய் அல்லவா, இனி கணக்குப்படிதான் நடக்க வேண்டும்.

கதவு திறந்துவிட்டது. வரிசை நகர்கிறது. உள்ளே போனதும் ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கிறது, அதோடு புளித்த வாசனை, என் மாவுப் பானையைத் திறந்தால் வருகிற அதே வாசனை, இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பெரிய எஃகு அண்டாக்களுக்குள். எனக்குத் தைரியமாக இருந்தது. சுவரோரம் பீப்பாய்களை அடுக்கியிருக்கிறார்கள், நான் நினைத்ததைவிடப் பெரியவை, வயிறு தள்ளியவை. நெல்லையப்பன் என் பாஸ்போர்ட்டைத் தன் பையிலிருந்து எடுத்து என் கையில் தருகிறான். என் பாஸ்போர்ட் நாலு மாதமாக அவனிடம்தான் இருக்கிறது, தொலைத்துவிடுவேனாம். "எம்மா, அந்தப் பிள்ள கேட்டா இதக் காட்டு. நீ ஒண்ணும் பேசாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்." தலையாட்டினேன். எதற்குப் பாஸ்போர்ட்? இருபத்தொரு வயது ஆனவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம், எனக்கு ஆகிவிட்டது என்று சாட்சி வேண்டுமாம். மௌலி "அம்மாவப் பார்த்தா காலேஜ் புள்ளயாட்டம் இருக்குதுல்லங்க, சந்தேகம் வரத்தானுங்க செய்யும்" என்றான். கோட்டுப் பைக்குள் கைப்பை, கைப்பைக்குள் சென்னை விமான நிலையத்தில் என் தம்பி திணித்த நூறு டாலர் நோட்டு, மடிப்புக்கூடக் கலையவில்லை. விரலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எதற்கு இப்படி அடித்துக்கொள்ள வேண்டும், ஒரு சொல்தானே, பிறகு அந்தச் சொல் வாயில் வருமா, வந்தால் எந்த மொழியில் வரும், வந்தபிறகு அவன் முகம் எப்படிப் போகும். அவனுக்கு அவமானமாகிவிடுமோ. மௌலி ஊரெல்லாம் சொல்வானோ, நெல்லையப்பன் அம்மா பீர் குடிக்கிறாள் என்று. சொல்லட்டும். ஆமாம் என்று நானே சொல்வேன். பவித்ரா தன் அம்மாவுக்குப் போன் போடுவாள், அது தென்காசிவரை போகும், கோயில் பிரகாரத்தில் என்னைப் பார்த்து இரண்டு பேர் தலையைச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொள்ளட்டும், அவர்களும் தம்ளர் கழுவினவர்கள்தான்.

நெல்லையப்பன் தன்னுடையதை வாங்கிவிட்டான், கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டான். என் முறை. மேடைக்குப் பின்னால் ஓர் இளம்பெண், மூக்கின் நடுத்தண்டில் வளையம், புருவத்தில் ஒரு பொட்டு வெள்ளி. பாஸ்போர்ட்டைத் திறந்து என் பெயரை வாசிக்கப் பார்த்தாள், முதல் எழுத்திலேயே சறுக்கி, சிரித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முயன்று, கடைசியில் என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். குழல்வாய்மொழி. இந்தத் தடவை வெளிச்சத்தில். அவள் பிறந்த வருடத்தைப் பார்த்து, உங்களுக்குக் கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது என்று கண்ணைச் சிமிட்டினாள். பிறகு கேட்டாள், "ஃபார் ஹியர், ஆர் டு கோ?" இங்கேயே திறக்கட்டுமா, கொண்டு போகிறீர்களா. "டு கோ" என்றது என் மகன் குரல், எனக்குப் பின்னாலிருந்து, என் தோளுக்கு மேலாக. அந்தப் பெண் அவனைப் பார்க்கவே இல்லை. சார், பாஸ்போர்ட் யாருடையதோ அவர்கள்தான் சொல்ல வேண்டும், இன்றைக்கு அப்படித்தான் விதி, நான் இவர்களைத்தான் கேட்கிறேன் என்றாள். "ஷி இஸ் மை மதர்" என்றான். தெரிகிறது, ஆனாலும் இவர்களைத்தான் கேட்கிறேன் என்றாள். எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. மேடையின் மரத்தில் யாரோ வைத்த குவளையின் ஈர வளையம். என் கை ஏற்கெனவே வெளியே வந்து அதற்குப் பக்கத்தில் கிடக்கிறது, நோட்டோடு. "எம்மா, டு கோன்னு சொல்லு" என்று தமிழில் காதோரம் சொன்னான், அவசரமாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி, அந்தக் கெஞ்சலில் ஒரு நிமிடம் உருகிவிட்டேன், உருகித்தானே பழக்கம். பிறகு அந்தக் காகிதக் குவளை என் முகத்தைவிட்டு விலகிப் போனதைப் பார்த்தேன், மறுபடி, மெதுவாக. "ஹியர்" என்றேன்.

மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணே வந்து என் கண் முன்னால் மெழுகைக் கீறி, மூடியை எடுத்து, வயிறு உருண்ட கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒன்றில் பாதிவரை ஊற்றி, உடனே குடிக்காதீர்கள், உள்ளங்கையில் வைத்திருங்கள், சூடேறினால்தான் பேசும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேசும் என்றாள். இந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் சொல். வைத்திருக்கிறேன், ஆனால் என் கைதான் அதைவிடச் சில்லிட்டிருக்கிறது, யார் யாரைச் சூடாக்குவது. நெல்லையப்பன் எதிரே நிற்கிறான், உட்காரவில்லை. "என்ன காரியம்மா பண்ணிட்ட? அத இங்கனயா திறக்குறது? அடுத்த வருசம் இது கெடைக்காதும்மா." "யாரு பாட்டில்லே அது?" "ஒன் பாட்டில்தான், ஆனா…" "ஆனா என்ன?" மௌலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அம்மா கேக்கறது ஞாயந்தானுங்கண்ணா." "நீ சும்மா கெட." நான் குடித்தேன். வாய் முழுக்க. முதலில் கருகல், அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு, பிறகு காபி வடிகட்டியின் அடிச்சக்கை, பிறகு மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால் வருகிற மர வாசனை, பிறகு தொண்டையில் ஒரு சூடு இறங்கி நெஞ்சைச் சுற்றி, மரத்துப்போன சுண்டுவிரல்வரை போகிற மாதிரி இருந்தது. அத்திப்பழம் இல்லை. தோல் இல்லை. கசப்பு இருந்தது. கசப்புக்குப் பின்னால் அந்த இடமும் இருந்தது, இந்தத் தடவை கதவு மூடவில்லை, நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை அங்கே. ஒரு மொட்டை மாடி, சாயங்கால வெளிச்சம், யாரோ ஏதோ சொல்ல நான் சிரிக்கிறேன். இவ்வளவுதானா. இதற்குத்தானா அத்தனை கதவு.

இரண்டாவது வாய் குடிக்கும்வரை நெல்லையப்பன் பொறுத்திருந்தான். கோபம் போய், என்ன இருந்தாலும் எட்டு வருட ஆசை, கண்ணில் வந்து நிற்கிறது. "எப்படிம்மா இருக்கு?" "இரி, குடிச்சிட்டுச் சொல்லுதேன்." "அந்த வெலைக்குத் தகுமா?" யோசித்தேன். பொய் சொல்ல வேண்டியதில்லை, என் காசு. "தகாதுலே" என்றேன். "கருப்பட்டிக் காப்பில கொஞ்சம் சாராயத்த ஊத்துனா இதுதான். பாதி வெல குளுருல நின்னதுக்கு. மீதி, கெடைக்காமப் போயிருமோங்கிற பயத்துக்கு." மௌலியின் தோள் குலுங்கியது. என் மகன் முகம் விழுந்துவிட்டது, யாரோ அவன் அலமாரியையே சரித்த மாதிரி. "தகாதுன்னா அப்புறம் ஏம்மா குடிக்க?" "எனக்கு வேணும்" என்றேன். வேணும், அந்தச் சொல் எவ்வளவு சின்னது, இரண்டு அசையில் முடிந்துவிடுகிறது, இதற்கா நெஞ்சு அப்படி அடித்தது. அவன் உட்கார்ந்தான். கோட்டுக்குள் அந்தப் பாட்டில் மார்புக்கு மேல் புடைத்துக்கொண்டு தெரிகிறது, ஒரு கை அதை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. "ஒன் தலைக்கு வாங்குனதையும் திற" என்றேன். "இதயா? இது வேண்டாம்மா. இது ஒரு நல்ல…" "நல்ல நாளா?" "ஆமா." "யாரு வரப்போறான்னு வச்சிருக்க?" சத்தம் கூடிவிட்டதோ என்னவோ, பக்கத்து மேசைத் தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். நெல்லையப்பன் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தான். மூக்கு நுனி சிவந்துகொண்டு வந்தது, அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் சிவக்கும், பெட்டிக்குள் வைத்திருந்தபோது மட்டும்தான் சிவக்கவில்லை. "அப்பாவுக்குப் பிடிச்சிருக்குமாம்மா?" என்று கேட்டான், சின்னக் குரலில். "பிடிச்சிருக்காது. அவுக பஜ்ஜிக்கு இது ஒத்துவராது" என்றேன். சிரித்தானா அழுதானா, தோள் மட்டும் ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு அவன் கை கோட்டுக்குள் போய் பாட்டிலை வெளியே எடுத்து மேசையில் வைத்தது. நெல்லையப்பன் கட்டைவிரல் நகத்தால் மெழுகின் ஓரத்தைக் கீறத் தொடங்கினான், வரவில்லை, மறுபடி கீறினான், கறுப்புச் செதில் ஒன்று என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உதிர்ந்தது. கத்தி கேட்கலாம் என்று அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கீறட்டும். ஏரியை வரும்போது பார்க்காவிட்டால் போகும்போது பார்க்கிறேன், நடந்து, கண்ணாடி இல்லாமல், அவன் கூட்டிப்போகாவிட்டால் நானே போவேன், காற்று வருகிற பக்கம்தானே. இந்தக் கிண்ணம் இப்போதுதான் கைக்குச் சூடேறி வருகிறது. அடியில் ஒரு விரல் அளவு எப்போதும் மிஞ்சும். இன்றைக்கு மிஞ்சாது.